அளந்த ஓட்டமும் கணித்த ஓட்டமும்: இந்து சமுத்திர நீரோட்ட ஆய்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆற்றின் போக்கை அறிய விரும்புபவன் அதன் கரையில் நின்று அதனைக் காணலாம். கரையிலுள்ள மரத்தையோ பாறையையோ அடையாளமாகக் கொண்டு நீரின் வேகத்தை மதிப்பிடலாம். நடுக்கடலில் செல்லும் மாலுமிக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. நீர் தன்னோடு கப்பலையும் கொண்டு செல்வதால், ஓட்டத்தின் நடுவே இருப்பவன் ஓட்டத்தை உணர்வதில்லை. கடல் நீரோட்டம் பற்றிய அறிவு மிகத் தாமதமாக வளர்ந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

இக்குறையை நீக்க இரு வழிகள் கைக்கொள்ளப்பட்டன. கருவிகளைக் கடலில் இறக்கி ஓட்டத்தை அளப்பது ஒன்று. காற்று, புவியின் சுழற்சி, நீரின் அடர்த்தி ஆகியவற்றைச் சமன்பாடுகளில் அமைத்து ஓட்டத்தைக் கணிப்பது மற்றொன்று. இரண்டாவது வழி கணனியின் வரவால் 1960களின் பின் பெருவளர்ச்சி பெற்றது. அளந்ததும் கணித்ததும் ஒத்துப்போகும்போது ஆய்வாளர் மகிழ்வது இயல்பு. ஆயினும் இத்துறையின் வரலாற்றை நோக்குமிடத்து, அறிவு பெரிதும் முன்னேறிய சந்தர்ப்பங்கள் அவை இரண்டும் முரண்பட்ட சந்தர்ப்பங்களே என்பது புலனாகும். இவ்வுண்மையை இந்து சமுத்திரத்தையும், சிறப்பாக இலங்கையைச் சூழ்ந்த கடலையும் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பற் குறிப்பேடுகளின் காலம்

தமிழ்க் கரையோர மீனவர் கடலோட்டத்தை நீவாடு என்பர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுகளைத் திசைவழி பெயரிட்டு வழங்கும் அவர்கள், காற்று மாறும்போது நீவாடும் மாறுவதைத் தம் தொழிலனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆயின் இவ்வறிவு கரையை அண்டிய கடலுக்கே உரியதாயிருந்தது. எண்களாகப் பதியப்படவும் இல்லை.

ஆழ்கடலின் ஓட்டத்தை எண்ணால் குறிக்கும் முதல் வழியைக் கப்பற் குறிப்பேடுகள் அளித்தன. கப்பலின் வேகத்தையும் அது செலுத்தப்பட்ட திசையையும் கொண்டு, அடுத்த நண்பகலில் அது எவ்விடத்தில் இருக்கவேண்டும் என்று மாலுமி கணக்கிடுவான். பின்னர் சூரியனையோ விண்மீன்களையோ நோக்கி உண்மையான இடத்தைக் காண்பான். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நீரோட்டத்தின் விளைவு எனக் கொள்ளப்பட்டது. வங்காளத்தின் நில அளவையாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் றெனல் இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து எழுதிய அத்திலாந்திக் நீரோட்டங்கள் பற்றிய நூல், அவர் இறந்த பின்னர் 1832 இல் வெளிவந்தது. அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த மத்தியூ மோரி 1847 இல் காற்று, நீரோட்டப் படங்களை வெளியிடத் தொடங்கினார்.

இம்முறை கொண்டிருந்த குறைகள் பின்வந்த ஒப்பீடுகளையும் பாதித்தன. முதலாவதாக, கப்பலின் உடலைக் காற்றுத் தள்ளுவதால் ஏற்படும் விலகலும் நீரோட்டத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடும். இரண்டாவதாக, ஒரு நாள் முழுவதற்கும் ஓர் எண்ணே கிடைக்கும். அந்நாளில் கப்பல் கடந்த நூற்றுக்கணக்கான மைல்களும் அதனுள் அடங்கும். மூன்றாவதாக, வணிகப் பாதைகளில் குறிப்புகள் குவிந்திருக்க, ஏனைய கடற்பரப்புகள் வெறுமையாய்க் கிடந்தன. சுயெசுக் கால்வாய்க்கும் மலாக்கா நீரிணைக்கும் இடைப்பட்ட பாதை தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்வதால், இலங்கையின் தென்கடல் இவ்வகையில் வாய்ப்புப் பெற்ற பகுதியாயிற்று.

கோட்பாடும் முதலாவது பெரும் முரண்பாடும்

1893 முதல் 1896 வரை வடதுருவக் கடலில் பிறாம் என்னும் கப்பலில் சென்ற நான்சன், பனிக்கட்டிகள் காற்றின் திசையில் நேராகச் செல்லாது வலப்புறமாக விலகிச் செல்வதை அவதானித்தார். புவிச் சுழற்சியே அதற்குக் காரணம் என்பதை எக்மன் 1905 இல் கணித முறையில் நிறுவினார். அவதானத்திலிருந்து கோட்பாடு பிறந்தமைக்கு இது நல்ல உதாரணமாகும். 1947 இல் சுவேட்ரப்பும் 1948 இல் ஹென்றி ஸ்ரொம்மெலும் வெளியிட்ட ஆய்வுகள், காற்றின் பரம்பலைக் கொண்டு முழுச் சமுத்திரத்தின் ஓட்டத்தையும் கணிக்கலாம் என்று காட்டின. சமுத்திரங்களின் மேற்குக் கரைகளில் மட்டும் நீரோட்டம் ஒடுங்கி வலிமை பெறுவது ஏன் என்னும் நீண்டகால வினாவுக்கு ஸ்ரொம்மெலின் ஆய்வு விடையளித்தது.

அடுத்து ஸ்ரொம்மெல் ஆழ்கடலைப் பற்றி ஓர் எதிர்வுகூறலைச் செய்தார். வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும் பகுதியில், அதன் கீழே ஆழத்தில் தெற்கு நோக்கிய ஓட்டம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே அது. பிரித்தானியரான ஜோன் சுவாலோ அப்போது புதியதொரு கருவியை உருவாக்கியிருந்தார். நீரைவிடக் குறைவாகவே அமுங்கும் அலுமினியக் குழாய் ஒன்று, குறித்த ஆழம்வரை அமிழ்ந்து அங்கேயே மிதந்து, ஒலித்துடிப்புகளால் தன் இருப்பிடத்தைக் கப்பலுக்கு அறிவிக்கும். 1957 இல் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரைக்கு அப்பால் இறக்கப்பட்ட இம்மிதவைகள், ஸ்ரொம்மெல் கூறியவாறே தெற்கு நோக்கிச் சென்றன. கோட்பாடு வென்றது.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. அதே கோட்பாட்டின்படி நடுச்சமுத்திரத்தின் ஆழத்தில் நீர் மிக மெதுவாக, செக்கனுக்குச் சில மில்லிமீற்றர் அளவில், வடக்கு நோக்கி நகரவேண்டும். இதனைச் சரிபார்க்க 1959-1960 ஆம் ஆண்டுகளில் ஏரீஸ் என்னும் சிறு பாய்க்கப்பலிலிருந்து பெர்மூடாத் தீவுக்கு மேற்கே மிதவைகள் இறக்கப்பட்டன. ஓட்டம் மெதுவானதாகையால் ஒரு மிதவையை நெடுங்காலம் பின்தொடரலாம் என்று எண்ணப்பட்டது. மிதவைகளோ எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு வேகத்தில், இடத்துக்கு இடம் மாறிய திசைகளில், சில வாரங்களுக்குள் போக்கை மாற்றிக்கொண்டு சென்றன. கணித்த ஓட்டத்தின் சாயலே அங்குக் காணப்படவில்லை.

இம்முரண்பாட்டை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடாமையே அக்கால ஆய்வாளரின் சிறப்பு. கடல் அமைதியான பேரோட்டங்களால் மட்டும் ஆனதன்று. பல பத்துக் கிலோமீற்றர் முதல் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அளவுவரையுள்ள சுழல்களால் நிறைந்தது என்னும் புதிய கருத்து இதிலிருந்தே வளர்ந்தது. 1973 இல் அத்திலாந்திக்கில் நடத்தப்பட்ட பெரும் கூட்டு அளவீடு அதனை ஐயமின்றி உறுதிப்படுத்தியது.

கணனியின் வரவு

கடல் நீரோட்டத்தைக் கணனி மூலம் கணிக்கும் முயற்சியில் அமெரிக்கரான கேர்க் பிறயனும் மைக்கல் கொக்ஸும் முன்னோடிகளாவர். 1960களில் இவர்கள் அமைத்த மாதிரியுருவின் வழிவந்தவையே பிற்காலத்தில் பல நாடுகளிலும் பயன்பட்டன. இம்முறையில் சமுத்திரம் கட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேகம், ஒரு வெப்பநிலை, ஓர் உவர்த்தன்மை எனக் கொண்டு, சிறு சிறு காலப்படிகளில் கணிப்பு முன்னெடுக்கப்படுகின்றது.

கட்டத்தினும் சிறியதாகிய எதனையும் மாதிரியுருவினால் காட்டமுடியாது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியுள்ள கட்டங்களில் சுவாலோவின் மிதவைகள் கண்ட சுழல்கள் தோன்ற வழியில்லை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் கட்டங்களின் தொகை நான்கு மடங்காகும். காலப்படியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். ஆகவே, கணனிகளின் ஆற்றல் பெருகப் பெருகவே சுழல்கள் மாதிரியுருக்களில் இடம்பெற்றன. 1975 இல் ஹொலண்ட், லின் ஆகிய இருவரும் வெளியிட்ட கணிப்பில், மாறாத காற்றின் கீழும் சுழல்கள் தாமாகவே தோன்றின. ஏரீஸ் பயணம் எழுப்பிய வினாவுக்குக் கணனி அப்போதே விடைகூறத் தொடங்கியது.

சோமாலிக் கரையில் நிகழ்ந்த சோதனை

காற்றுக்கு நீர் எவ்வாறு துலங்குகின்றது என்பதைச் சோதிக்க இந்து சமுத்திரம் போன்ற ஆய்வுக்கூடம் வேறில்லை. அத்திலாந்திக்கிலும் பசிபிக்கிலும் பெருங்காற்றுகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே திசையில் வீச, இங்கு அவை ஆண்டுக்கு இருமுறை திசைமாறுகின்றன. 1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் இக்கடலின் முறையான அளவீட்டுக்கு வித்திட்டது. 1964 இல் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுவாலோவும் புரூஸும் சோமாலிக் கரையோரத்தை அளந்து, உலகின் மிக விரைவான நீரோட்டங்களுள் ஒன்று அங்கு ஓடுவதைப் பதிவுசெய்தனர்.

1969 இல் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைற்ஹில், சோமாலி நீரோட்டத்தின் தோற்றத்துக்கு ஒரு விளக்கம் தந்தார். திறந்த சமுத்திரத்தின்மேல் வீசத்தொடங்கும் பருவக்காற்று நீரில் அலைகளை எழுப்ப, அவை மேற்கு நோக்கிச் சென்று ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஆபிரிக்கக் கரையை அடைந்து நீரோட்டத்தைத் தோற்றுவிக்கின்றன என்பதே அவரது கருத்து. அடுத்த ஆண்டில் கொக்ஸ் இந்து சமுத்திரத்துக்கான கணனி மாதிரியுருவை வெளியிட்டார். ஆயின் 1970 ஆம் ஆண்டின் பருவக்காற்றுக் காலத்தில் லீற்மா மேற்கொண்ட அளவீடு வேறொன்றைக் காட்டியது. திறந்த சமுத்திரத்தில் பருவக்காற்று வலுப்பெறுமுன்னரே, கரையோரத்தில் நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்பிவிட்டது. கரையோரக் காற்றே அத்தொடக்கத்துக்குக் காரணம்.

இதனால் லைற்ஹில்லின் கோட்பாடு பொய்யாகிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தொலைவிலிருந்து வரும் அலைகளின் பங்கு பிற்கால ஆய்வுகளிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் ஒரே காரணத்தால் விளக்கப்பட்ட நிகழ்ச்சிக்கு இரு காரணங்கள் உண்டு என்பதும், அவை வெவ்வேறு காலத்தில் செயற்படுகின்றன என்பதும் முரண்பாட்டினாலேயே தெரியவந்தன.

மத்தியகோட்டுத் தாரை

ஒத்துப்போன ஒப்பீட்டுக்கும் இக்கடலில் சான்றுண்டு. 1973 இல் கிளவுஸ் விர்ட்கி கப்பற் குறிப்பேடுகளின் தரவுகளை ஆராய்ந்து, இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களில், மத்தியகோட்டை ஒட்டி ஒடுங்கியதொரு ஓட்டம் கிழக்கு நோக்கி விரைந்து பாய்வதை எடுத்துக்காட்டினார். ஆண்டுக்கு இருமுறை தோன்றி மறையும் இத்தாரை இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. அடுத்த ஆண்டில் ஓ பிறையன், ஹேள்பேட் ஆகியோர், சமுத்திரத்தை இரு படைகளாக மட்டும் கொண்ட எளிய மாதிரியுரு ஒன்றில், மேற்கிலிருந்து வீசும் காற்றைச் செலுத்தி இத்தகைய தாரையைத் தோற்றுவித்தனர்.

ஆயினும் கப்பற் குறிப்பேடு தந்த வேகத்தில் காற்றின் தள்ளுகையும் கலந்திருத்தல் கூடும் என்னும் ஐயம் எஞ்சியது. மாதிரியுருவும் காற்றினாலேயே இயங்கியது. இரண்டும் ஒரே திசையில் பிழைபட்டிருப்பின் அவற்றின் ஒற்றுமை எதனையும் நிறுவாது. 1973 முதல் 1975 வரை மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு அற்றோலுக்கு அண்மையில் நொக்ஸ் மேற்கொண்ட நேரடி அளவீடுகளே இவ்வையத்தை நீக்கின. தாரை மேற்பரப்பின் மாயத் தோற்றமன்று. நீரின் உள்ளேயும் ஓடியது. இங்கு மூன்றாவதொரு சுயாதீனச் சான்று தேவைப்பட்டமை நோக்கற்பாலது.

இலங்கைக்குத் தெற்கே

அராபியக் கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையிலான நீர்ப் பரிமாற்றத்தின் பெரும்பகுதி இலங்கையின் தென்கரைக்கு அப்பால் நிகழ்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கியும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கியும் நீர் செல்கின்றது. ஜேர்மனியரான ஷொட் தலைமையிலான குழுவினர் 1991 தொடக்கம் 1992 தொடக்கம்வரை, கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 30 கலையை ஒட்டி நங்கூரமிட்ட கருவிகளால் இவ்வோட்டத்தை அளந்தனர். கோடையில் செக்கனுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் கன மீற்றர் நீர் கிழக்கேயும், மாரியில் 1 கோடி முதல் 1 கோடி 20 இலட்சம் கன மீற்றர் வரை மேற்கேயும் செல்வதாக அவர்கள் கண்டனர். ஆண்டுச் சராசரியோ மேற்கு நோக்கிய 20 முதல் 30 இலட்சம் கன மீற்றர் மட்டுமே.

இவ்வெண்கள் ஒப்பீட்டுமுறை பற்றிய முக்கியமானதொரு பாடத்தைத் தருகின்றன. எதிர்த்திசையில் செல்லும் இரு பேரோட்டங்களின் எச்சமே இங்கு ஆண்டுச் சராசரியாகும். கோடை ஓட்டத்தையும் மாரி ஓட்டத்தையும் பாதியாகக் குறைத்துக் காட்டும் மாதிரியுருவும் உண்மைக்கு அண்மித்த சராசரியைத் தரக்கூடும். சராசரிகள் ஒத்திருப்பதைக் கண்டு நிறைவடைபவர், இரு பருவங்களிலும் பிழைத்த கணிப்பைச் சரியானதென ஏற்கும் நிலைக்கு ஆளாவர்.

மறுபுறத்தில், அளவீட்டால் இயலாத ஒன்றை மாதிரியுரு செய்யவல்லது. இயற்கையில் காற்றை நிறுத்திப் பார்க்க முடியாது, கணனியில் முடியும். 1990களில் மக்கிறீரியும் அவருடைய உடனாய்வாளரும் வெவ்வேறு பகுதிகளின் காற்றைத் தனித்தனியே செலுத்திப் பார்த்து, வங்காள விரிகுடாவின் கரையோர ஓட்டங்கள் அவ்விடத்துக் காற்றினால் மட்டுமன்றித் தொலைவிலுள்ள காற்றினாலும் ஆளப்படுகின்றன என்று காட்டினர். 1998 இல் விநயச்சந்திரனும் யமகாத்தாவும் வெளியிட்ட மாதிரியுரு ஆய்வு, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் கிழக்கே ஆழத்துக் குளிர்நீர் குவிமாடம் போல் மேலெழுந்து, அதனைச் சூழ நீர் இடஞ்சுழியாக ஓடுவதை விளக்கியது. 2016 யூன், யூலை மாதங்களில் சிந்து சாதனா என்னும் இந்திய ஆய்வுக் கப்பலிலிருந்து மேற்கொள்ளப்பட்ட அளவீடுகள் இக்குவிமாடத்தையும் அதனை அடுத்தோடும் பருவக்காற்று நீரோட்டத்தையும் நேரடியாக ஆராய்ந்தன.

ஒப்பீட்டின் நெறி

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, கருவி ஒரு புள்ளியை அளக்கின்றது. மாதிரியுரு ஒரு கட்டத்தின் சராசரியைத் தருகின்றது. சுழலொன்றின் விளிம்பில் நின்ற கருவி அக்கட்டத்தின் ஓட்டத்துக்கு நேரெதிரான திசையைக் காட்டினும் இரண்டும் சரியாக இருக்கலாம். இரண்டாவதாக, கணிப்பின் பிழை சமன்பாட்டில் இல்லாது உட்செலுத்தப்பட்ட காற்றில் இருக்கலாம். காற்று நீரின்மேல் செலுத்தும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறக்குறைய விகிதசமமாதலால், காற்றின் வேகத்தை நூற்றுக்கு 10 பங்கு மிகையாகக் கொண்டால் விசை நூற்றுக்கு 21 பங்கு மிகையாகும்.

மூன்றாவது நெறி இக்காலத்துக்கே சிறப்பாக உரியது. 1992 இல் ஏவப்பட்ட தொபெக்ஸ் பொசைடன் செய்மதி கடல்மட்டத்தின் உயரத்தைத் தொடர்ச்சியாக அளந்தது. ஆர்கோ என்னும் தானியங்கு மிதவைகள் 2007 இல் உலகக் கடல்களில் 3,000 ஐ எட்டின. இவ்வளவீடுகள் எதிர்வுகூறும் மாதிரியுருக்களுக்குள்ளேயே செலுத்தப்பட்டு, கணிப்பு அவ்வப்போது திருத்தப்படுகின்றது. இதனால் எதிர்வுகூறல் பெரிதும் மேம்பட்டது உண்மையே. ஆனால், உட்செலுத்திய அதே அளவீட்டோடு கணிப்பை ஒப்பிட்டு ஒற்றுமை காண்பது, விடைத்தாளைப் பார்த்து எழுதிய மாணவனைப் பரீட்சையில் சித்தியடைந்தவனாகக் கருதுவதையே ஒக்கும். மாதிரியுரு காணாத அளவீடு ஒன்று எப்போதும் புறத்தே நிற்றல் வேண்டும்.

இவை ஆய்வாளருக்கு மட்டும் உரிய நுணுக்கங்கள் அல்ல. இயந்திரம் பழுதுற்ற மீன்பிடிப் படகொன்று செக்கனுக்கு அரை மீற்றர் வேகமுள்ள ஓட்டத்தில் அகப்பட்டால், ஒரு நாளில் ஏறத்தாழ 43 கிலோமீற்றர் அடித்துச் செல்லப்படும். கணித்த வேகத்தில் செக்கனுக்கு 20 சதமமீற்றர் பிழையிருப்பின், மூன்று நாட்களில் தேடவேண்டிய இடம் 50 கிலோமீற்றருக்கு மேல் விலகிவிடும். 2021 மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிறஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள் கடலில் கலந்தபோது, அவை எக்கரையில் எப்போது ஒதுங்கும் என்னும் வினா கரையோர மக்களின் வாழ்வைத் தொட்ட வினாவாயிற்று.

இலங்கையைச் சூழ்ந்த கடலுக்கு இன்று கணிப்புகளுக்குக் குறைவில்லை. எந்நாட்டிலிருந்தும் கணனி ஒன்று அக்கடலின் ஓட்டத்தைக் கணித்துவிடும். தொடர்ச்சியான நேரடி அளவீடுகளோ அரியவை. ஷொட் குழுவினரின் தொடர் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. 2013 இறுதியில் வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் நங்கூரமிட்ட ஆறு தொகுதிகள் ஏறத்தாழ 20 மாதங்கள் அளந்தன. ஓராண்டின் பருவக்காற்று மற்றோராண்டினதைப்போல் இருப்பதில்லை. எனவே, இக்கடல் பற்றிய கணிப்பு எங்கே பிழைக்கின்றது என்பதைக் கூறவல்ல அளவீடுகள் பல ஆண்டுகளுக்குத் தொடர்தல் வேண்டும். ஏரீஸ் கப்பலில் சென்றோர் தம் மிதவைகள் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமையைக் கண்டபோது, அவர்கள் இழந்தது ஒரு கணிப்பை மட்டுமே. பெற்றது கடலைப் பற்றிய புதியதோர் அறிவை. அத்தகைய இழப்புக்கு இடந்தரும் அளவீடு இல்லாத கடலில், கணிப்பு சரியானதா என்னும் வினாவைக்கூட எழுப்ப முடியாது.